ஆற்றங்கரை நட்பு

ஐசக் வால்டன் 1593-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஸ்டாஃபர்டு நகரில் பிறந்தார். இலண்டனில் வணிகராய் வாழ்ந்த அவர், முதல் மனைவியையும் அவ்வம்மையார் பெற்ற மக்கள் அனைவரையும் இழந்தார். உள்நாட்டுப் போரும் நாட்டை அலைக்கழித்தது. போர் ஓய்ந்தபின் 1653-இல், ஆற்றங்கரை அமைதியைப் போற்றும் தூண்டிற்கலை நூலொன்றை வெளியிட்டுப் புகழெய்தினார்.

எனினும், இறகும் நூலும் கொண்டு ஈயைப்போல் கட்டிய தூண்டிலால் டிரவுட் மீன் பிடிப்பதில் தம்மினும் வல்லவர் சார்லஸ் காட்டன் என்பதை வால்டன் அறிவார். காட்டனோ 37 ஆண்டு இளையவர். அவரைக் கொண்டே அப்பகுதியை எழுதுவித்து, 1676-ஆம் ஆண்டுப் பதிப்பில் சேர்த்தார். டவ் ஆற்றங்கரையில் காட்டன் 1674-இல் கட்டிய சிறு மனை, இருவர் பெயரின் முதலெழுத்துகளையும் பிணைத்துத் தாங்கி இன்றும் நிற்கிறது.

1683-இல், தொண்ணூறாம் வயதில், வால்டன் மறைந்தார். இளையவரின் திறனை மதித்த பெருந்தன்மையே அவரது நூலை நிறைவுறச் செய்தது.