வைத்தியர் ஏர்ன்ஸ்ட் வேர்த்தைம் (1864 – 1920)

எமது பழைய மாணவிகளுள் வைத்தியர்களும் தாதியரும் பலர். பெண்நோயியற் சத்திரசிகிச்சைக் கூடத்தில் அவர்கள் அறிந்த பெயர் வேர்த்தைம். அப்பெயருக்குரியவரை ஏனைய சகோதரிகளும் அறிந்திருத்தல் நன்று எனக் கருதுகின்றோம்.

இவர் 1864 பெப்ரவரி 21ஆம் திகதி ஒஸ்திரியாவின் கிராஸ் நகரிற் பிறந்தார். அங்கேயே வைத்தியம் கற்று, 1888இல் பட்டம் பெற்றார். பேராசிரியர் ஷவுட்டாவிடம் பிராக் நகரிலும் பின்னர் வியன்னாவிலும் பயின்று, 1897இல் வியன்னா எலிசபெத் வைத்தியசாலையின் பெண்நோயியற் பிரிவைப் பொறுப்பேற்றார்.

கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கு அந்நாளில் கருப்பையை மட்டும் அகற்றினர். நோய் பெரும்பாலும் மீண்டும் வந்தது. சுற்றியுள்ள இழையங்களிலும் நிணநீர்க் கணுக்களிலும் அது பரவியிருந்ததே காரணம். 1898 நவம்பர் 16ஆம் திகதி வேர்த்தைம் வயிற்றைத் திறந்து, சிறுநீர்க்கான்களைக் கவனமாக விலக்கி, கருப்பையோடு அவ்விழையங்களையும் கணுக்களையும் அகற்றினார்.

தொடக்கம் துயரமானது. முதல் 29 பெண்களுள் மூன்றிலொரு பங்கிற்கு மேற்பட்டோர் இறந்தனர். அன்று அன்ரிபயோட்டிக் மருந்து இல்லை. குருதியேற்றலும் வழக்கில் இல்லை. வேர்த்தைம் எந்த மரணத்தையும் மறைக்கவில்லை. ஒவ்வொன்றையும் பதிந்து, தம் முறையைத் திருத்தினார். வீடு திரும்பியவர்களை ஐந்தாண்டுகள் கடந்தும் விசாரித்தறிந்தார். 1911இல் 500 பேரின் விபரங்களை நூலாக வெளியிட்டபோது, மொத்த இறப்பு ஐந்திலொன்றிலும் குறைந்திருந்தது. 1920 பெப்ரவரி 15ஆம் திகதி அவர் காலமானார்.

லண்டனில் விக்டர் பொனி இம்முறையில் 500 பேருக்குச் சத்திரசிகிச்சை செய்தார். இறப்பு 14 சதவீதமாகியது. பொஸ்ரனில் ஜோ மெய்க்ஸ் அதனை மிகச் சொற்பமாக்கினார். எனினும் பிழைத்தவர்களும் விலை கொடுத்தனர்: மகப்பேறு இல்லை, சிலருக்குச் சிறுநீர்த் தொல்லை, சிலருக்குக் கால்வீக்கம்.

கணக்கிடும் வழக்கம் இன்றும் உயிர் காக்கிறது. சிறுதுளைவழிச் சத்திரசிகிச்சையே மேலென நம்பப்பட்ட வேளையில், வயிற்றைத் திறந்து செய்ததிலேயே நோய் குறைவாகத் திரும்பியதென 2018இல் வெளியான ஆய்வு காட்டியது.

அப்பெண்கள் சத்திரசிகிச்சை மேசைவரை செல்ல நேர்ந்தது, நோயை முன்கூட்டியே தடுக்க அன்று வழி இல்லாமையால். இன்று வழி உண்டு. இலங்கையில் 2017 முதல் ஆறாம் தர மாணவிகளுக்கு இந்நோய்க்கெதிரான தடுப்பூசி ஏற்றப்படுகிறது. 35 வதினருக்குப் பப் பரிசோதனையும் உண்டு. எங்கு வாழ்ந்தாலும், சகோதரிகளே, வெட்கம் பாராது உங்கள் பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள். பிள்ளைகளுக்குத் தடுப்பூசியைத் தவறவிடாதீர்கள்.