மணிலா வணிகர் கட்டிய பாலம்

விழுப்புரத்தினின்று திண்டிவனம் வழியாகச் சென்னை செல்லும் நெடுஞ்சாலை, பரங்கிமலையைக் கடந்து, சைதாப்பேட்டையில் அடையாற்றைத் தாண்டுகின்றது. அங்கு இன்று உள்ள மறைமலையடிகள் பாலம் 1966ஆம் ஆண்டில் எழுந்தது. அதற்கு முன்னர், இரு நூற்றாண்டுகளுக்கும் மேலாகத் தென்னாட்டு வண்டிகளும் வழிப்போக்கரும் வேறொரு பாலத்தின் வழியே நகரினுட் புகுந்தனர். மாமலான் பாலம் என்பது அதன் பெயர். அதனைக் கட்டுவித்தவர் அரசரும் அல்லர். கிழக்கிந்தியக் கும்பினியாரும் அல்லர். பெத்ரூஸ் உஸ்கான் என்னும் அருமேனிய வணிகரே 1726ஆம் ஆண்டில் தம் கைப்பொருள் கொண்டு அதனை அமைத்தார்.

உஸ்கானின் முன்னோர் பாரசீக நாட்டின் இஸ்பகான் நகரை அடுத்த ஜுல்பா என்னும் ஊரினர். அவ்வூர் அருமேனியர் கடல் கடந்து வாணிகம் செய்வதிற் பெயர் பெற்றவர்கள். பெருவணிகரைக் கோஜா என்று அழைப்பது அவர்தம் வழக்கம்; அதனால் இவரும் கோஜா பெத்ரூஸ் எனப்பட்டார். சென்னையில் அருமேனியர் பெயரால் அமைந்த தெருவினை நம் மக்கள் அரண்மனைக்காரத் தெரு என்று மாற்றிக்கொண்டது சுவையான செய்தியாகும். அங்கு அரண்மனை எதுவும் இருந்ததில்லை.

உஸ்கானுக்குச் செல்வம் வந்த வழி பிலிப்பைன் தீவுகளின் தலைநகரான மணிலாவாகும். அத்தீவுகள் அன்று ஸ்பானியர் ஆட்சியில் இருந்தன. மெக்சிகோவின் வெள்ளி, அக்கபுல்கோத் துறையினின்று கப்பலேறிப் பசிபிக் பெருங்கடலைக் கடந்து மணிலாவுக்கு வந்தது. சோழமண்டலக் கரையின் நெசவாளர் நெய்த பருத்தித் துணிக்கு அங்கு நல்ல விலை கிடைத்தது. ஆயின், ஆங்கிலேயர் மணிலாவில் வாணிகம் செய்யலாகாது என்பது ஸ்பானியர் விதித்த தடை. அருமேனியருக்கு அத்தடை இல்லை. ஆதலால் சென்னை ஆங்கிலேயரும் தம் சரக்குகளை அருமேனியர் பெயரால் அனுப்பினர். நம் கரைக்கும் மணிலாவுக்கும் இருந்த தொடர்பு உஸ்கானோடு முடிந்துவிடவில்லை. 1762இல் சென்னையினின்று சென்ற ஆங்கிலப் படை மணிலாவைப் பிடித்து, 1764இல் அதனைவிட்டு நீங்கியபோது, அப்படையிலிருந்த இந்தியச் சிப்பாய்கள் சிலர் கைந்தா என்னும் ஊரிலேயே தங்கி, அந்நாட்டுப் பெண்டிரை மணந்து வாழ்ந்தனர்.

மணிலாவில் ஈட்டிய பொருளை உஸ்கான் சென்னையிற் செலவிட்டார். மழைக்காலத்தில் அடையாறு பெருகினால் பரங்கிமலைக்குச் செல்லும் அடியார்கள் கரையிலேயே தவித்து நிற்பர். பாலத்திற்கு அவர் 30,000 வராகன் செலவிட்டதாகக் கூறுவர். பாலத்தைப் பழுது பார்ப்பதற்கும் தனியே ஒரு தொகையை ஒதுக்கினார். கட்டுவோர் பலர் இதனை மறந்துவிடுவதுண்டு. தோமையார் கோயிலுக்கு மலைமீது ஏறும் படிகளையும் அவரே அமைத்தார்.

1746ஆம் ஆண்டு செப்டம்பரில் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றினர். உஸ்கானின் உடைமைகள் பறிமுதலாயின. அப்பொழுது புதுச்சேரியில் ஆளுநராக இருந்தவர் தூப்ளே. உஸ்கான் சென்னையை விட்டுப் புதுச்சேரியிற் குடியேறினால் பறித்த பொருள் அனைத்தையும் திருப்பித் தருவதாக அவர் கூறினார். உஸ்கானுக்கு அகவை அறுபதைக் கடந்துவிட்டது. ஆங்கிலேயர் மீண்டும் சென்னைக்கு வருவர் என்பதற்கோ யாதோர் உறுதியும் இல்லை. எனினும், அவர் இணங்கவில்லை.

உடன்படிக்கையின்படி 1749இல் சென்னை ஆங்கிலேயரிடம் திரும்பி வந்தது. உடனே அவர்கள், பிரெஞ்சுக்காரருக்கு உளவாயினர் என்னும் ஐயத்தால், அருமேனியரும் கத்தோலிக்கரும் கோட்டையினுள் வாழலாகாது என ஆணையிட்டனர். உஸ்கானுக்கு மட்டும் விலக்கு அளித்தனர். இதனை நன்றியறிதல் எனலாம். நீதி எனல் அரிது. குற்றமற்ற குடும்பங்கள் பல தம் வீடுகளைத் துறந்து வெளியேறின.

போர் ஓயவில்லை. திண்டிவனத்திற்கு மேற்கேயுள்ள செஞ்சிக்கோட்டை 1750இல் பிரெஞ்சுக்காரர் வசமாயிற்று. அடுத்த ஆண்டு சனவரித் திங்கள் 15ஆம் நாள் உஸ்கான் காலமானார். வேப்பேரியில் தாம் கட்டிய சிறு கோயிலில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது. அவர் விரும்பியவாறே இதயம் மட்டும் தனியே எடுக்கப்பட்டு, கடல் வழியே ஜுல்பாவுக்கு அனுப்பப்பட்டது.