ஊட்டிக்கு முதல் பாதை போட்ட கலெக்டர்: யார் இந்த ஜான் சல்லிவன்?

கோடை லீவு விட்டா போதும், கோரிமேட்டுல இருந்து காரை எடுத்துட்டு ஊட்டிக்குக் கிளம்புறவங்க உண்டு. மேட்டுப்பாளையம் தாண்டினதும் கொண்டை ஊசி வளைவுகள், ரெண்டு பக்கமும் காடு. 200 வருஷத்துக்கு முன்னாடி அங்கே ரோடே கிடையாது. அந்த மலைக்கு முதல் பாதை போட வைத்தவர்தான் ஜான் சல்லிவன்.

யார் இவர்?

1788-ல் பிறந்த ஆங்கிலேயர். 1815-ல் கோவை கலெக்டர் ஆனார். 1819 ஜனவரியில் ஒரு குழுவோடு காட்டு வழியாக மலையேறி கோத்தகிரி பகுதியை அடைந்தார். அந்தக் குளிர் பிடித்துப்போக, அருகே கன்னேரிமுக்கில் பங்களா கட்டினார்.

புதுச்சேரி கனெக்‌ஷன்

அதே காலத்தில் புதுச்சேரியில் இருந்த பிரெஞ்சு தாவரவியலாளர் லெஷனோவும் நீலகிரிக்குப் போனார். நோயோடு மலையேறியவர், அங்கே உடல் தேறினார். இப்படிப்பட்ட செய்திகள், நீலகிரியை உடம்புக்கு நல்ல இடம் என்று பிரபலமாக்கின.

பாதை போட்டது யார்?

1821-ல் சிறுமுகையில் இருந்து கோத்தகிரிக்கு வேலை தொடங்கியது. மேற்பார்வை லெப்டினன்ட் மெக்பெர்சன். காட்டை வெட்டி வழி அமைத்தது கோவை, சேலம் சிறைக் கைதிகள். சுமார் 16 மைல் பாதை, 1823 மே மாதம் முடிந்தது. ஆனா குதிரையிலோ பல்லக்கிலோதான் போக முடியும். குன்னூர் வழி சாலை 1830-களில்தான் வந்தது.

பாதை கொண்டுவந்தது என்ன?

சல்லிவன் ஊட்டியில் கல் பங்களா கட்டினார், ஏரி வெட்டினார், ஐரோப்பிய காய்கறிகளைப் பயிரிட்டார். பின்னாடியே காபி, தேயிலைத் தோட்டங்கள் வந்தன; சோலைக்காடும் புல்வெளியும் சுருங்கின. தோடர்களிடம் நிலம் வாங்கியவரும் இவர்தான். அந்த நிலம் தோடர்களுக்கே உரியது என்று அரசிடம் வாதாடியவரும் இவர்தான்.

கடைசி நாட்கள்

மனைவியையும் ஒரு மகளையும் ஊட்டி மண்ணிலேயே அடக்கம் செய்துவிட்டு இங்கிலாந்து திரும்பிய சல்லிவன், 1855-ல் அங்கே இறந்தார். 2022-ல் ஊட்டியில் அவருக்குச் சிலை திறக்கப்பட்டது.

2024 மே முதல் அதே ஊட்டிக்குள் வண்டி நுழைய இ-பாஸ் கட்டாயம். மலைக்கு ஆள் வர வேண்டும் என்று போட்ட பாதை. இன்று ஆள் வரத்தைக் கட்டுப்படுத்த வேண்டிய நிலை. காட்டுக்குள்ள ஒரு ரோடு போட்டா, அதுல என்னென்ன வரும்னு போடும்போது யாருக்கும் தெரியாது. அடுத்த தடவை வளைவுல வண்டியைத் திருப்பும்போது இதையும் யோசிச்சுப் பாருங்க.