படிகங்களைப் பயின்ற அறிஞர் கே. எஸ். கிருஷ்ணன்

நுழையும்முன்

கல்லுப்பின் சிறு துகளொன்றினுள் எண்ணிலடங்கா அயனிகள் ஒழுங்கு குலையாமல் அணிவகுத்து நிற்கின்றன. அவ்வணிவகுப்பை இறுக்கிப் பிடித்திருப்பது எது? அதனுள் எலக்ட்ரான்கள் எவ்வாறு இயங்குகின்றன? படிகங்களைப் பற்றிய இத்தகைய வினாக்களுக்குத் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை அளித்தவர், மதுரையில் கல்வி பயின்ற ஒரு தமிழர்.

மண்ணும் கல்வியும்

மதுரைக்குத் தென்மேற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த ஊர் வத்திராயிருப்பு. அங்கு 1898ஆம் ஆண்டு திசம்பர் 4ஆம் நாள் கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன் பிறந்தார். தந்தையார் தமிழிலும் வடமொழியிலும் புலமை மிக்கவர். அவ்விருமொழிப் பற்று மகனிடத்தும் இறுதிவரை நிலைத்திருந்தது. திருவில்லிபுத்தூரில் உயர்நிலைப்பள்ளிக் கல்வியை முடித்த கிருஷ்ணன், வைகையின் வடகரையிலுள்ள அமெரிக்கன் கல்லூரியிலும், பின்னர்ச் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்றார்.

கிறித்தவக் கல்லூரியிலேயே வேதியியல் செய்முறைப் பயிற்றுநராகப் பணியேற்றார். நண்பகல் இடைவேளையில் மாணவர்கள் அவரைச் சூழ்ந்துகொள்வர். இயற்பியல், வேதியியல், கணிதம் என எத்துறை ஐயத்தையும் அங்கு எழுப்பலாம். பிற கல்லூரி மாணவர்களும் அவ்வுரையாடலை நாடி வந்தனர்.

இராமனுடன்

கைவசமிருந்த பணியைவிட ஆராய்ச்சியின் ஈர்ப்பே வலிதாயிற்று. கல்கத்தா சென்று சர் சி. வி. இராமனின் வழிகாட்டுதலில் சேர்ந்தார். 1928இல் வெளிப்பட்ட இராமன் விளைவுக்குரிய சோதனைகளில் கிருஷ்ணனின் உழைப்பு பெரிது. அக்கண்டுபிடிப்பை உலகுக்கு அறிவித்த கட்டுரை இருவர் பெயரிலும் வெளிவந்தது. 1930இல் நோபல் பரிசு இராமன் ஒருவருக்கே வழங்கப்பட்டது. அப்போது கிருஷ்ணன் டாக்கா பல்கலைக்கழகத்தில் வேறொரு துறையில் ஆழ்ந்திருந்தார். பிறர் வெளிச்சத்தில் நிற்காமல் தமக்கெனப் புதுவழி காண்பதே அவர் தேர்ந்த பாதை.

இழையில் தொங்கிய படிகம்

உலோக அணு எலக்ட்ரான்களை இழந்து நேர்மின் அயனியாகிறது; அலோக அணு அவற்றை ஏற்று எதிர்மின் அயனியாகிறது. நிக்கல், கோபால்ட் போன்ற இடைநிலை உலோகங்கள் எலக்ட்ரான்களை இழந்த பின்னும், அவற்றில் இணைசேராத எலக்ட்ரான்கள் எஞ்சுகின்றன. அவை சிறு காந்தங்களாகச் செயல்படுகின்றன. சுற்றியுள்ள அயனிகளும் நீர் மூலக்கூறுகளும் அவற்றின் இயக்கத்தைக் கட்டுப்படுத்துவதால், படிகத்தின் காந்தப்பண்பு திசைக்குத் திசை வேறுபடுகிறது.

இவ்வேறுபாட்டை அளக்கக் கிருஷ்ணன் கையாண்ட முறை எளிமையானது. மெல்லிய குவார்ட்ஸ் இழையில் சிறு படிகத்தைக் கட்டிக் காந்த முனைகளுக்கிடையே தொங்கவிட்டார். காந்தப்புலம் படிகத்தை ஒரு திசையில் நிறுத்த முயலும். முறுக்கப்பட்ட இழையோ அதனைத் திருப்ப முயலும். இழையை எவ்வளவு முறுக்கினால் படிகம் நிலைமாறும் என்பதைக் கொண்டு காந்தவேறுபாட்டைக் கணக்கிட்டார். விலையுயர்ந்த கருவிகள் இன்றிப் பெற்ற இவ்வளவுகள், வான் விளெக் முதலியோரின் படிகப்புலக் கோட்பாட்டுக்கு வலுவான சான்றாயின.

உப்பின் கணக்கு

பிற்காலத்தில் எளிய உப்புகளின்பால் அவர் கவனம் திரும்பியது. ஒரு மோல் சோடியம் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களை நீக்க ஏறத்தாழ 496 கிலோஜூல் ஆற்றல் தேவை. குளோரின் அணுக்கள் அவற்றை ஏற்கும்போது வெளிப்படுவது 349 கிலோஜூல் மட்டுமே. கொடுத்தலும் கொள்ளுதலும் மட்டும் நிகழ்ந்தால் இழப்பே மிஞ்சும். அயனிகள் ஒன்றுகூடிப் படிகமாகும்போது வெளிப்படும் 787 கிலோஜூல் ஆற்றலே அவ்விழப்பை ஈடுசெய்து உப்பை நிலைபெறச் செய்கிறது.

இவ்வாற்றலைக் கணக்கிடுதல் எளிதன்று. ஓர் அயனியை 6 எதிரின அயனிகள் நெருங்கிச் சூழ்ந்து ஈர்க்கின்றன. அவற்றுக்கு அப்பால் 12 ஓரின அயனிகள் விலக்குகின்றன. அதற்கும் அப்பால் 8 எதிரின அயனிகள் ஈர்க்கின்றன. முடிவின்றி நீளும் இக்கூட்டலின் விடையே மாடலங் மாறிலி. சோடியம் குளோரைடுக்கு அதன் மதிப்பு ஏறத்தாழ 1.748. இதனைக் கணக்கிடும் எவ்ஜென் முறையைக் குறித்து 1952இல் எஸ். கே. ராயுடன் இணைந்து கிருஷ்ணன் ஆய்வுரை வெளியிட்டார்.

புகழும் பணியும்

1940இல் இலண்டன் இராயல் கழகம் அவரை உறுப்பினராக்கியது. நாடு விடுதலை பெற்ற 1947இல் புதுதில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் இயக்குநரானார். நிருவாகச் சுமையின் நடுவிலும் ஆய்வைக் கைவிடவில்லை. 1954இல் பத்மபூஷண் விருதும், 1958இல் முதலாவது சாந்தி சுவரூப் பட்நாகர் பரிசும் அவரை வந்தடைந்தன. 1961 சூனில் அவர் மறைந்தார்.

அவ்வாய்வகம் அமைந்துள்ள சாலை இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. வத்திராயிருப்பின் வயல்வெளியிலிருந்து புறப்பட்ட ஓர் இளைஞர், சிறு படிகத்தையும் மெல்லிய இழையையும் கொண்டு அணுவுலகின் ஒழுங்கை அளந்து காட்டினார். கருவியின் பெருமையைவிடக் கருத்தின் கூர்மையே அறிவியலை வளர்க்கும் என்பதற்கு அவர் வாழ்வே சான்று.