புச்சிபாபு செய்த தொண்டு

ஒரு கோஷ்டியின் தலைவருடைய திறமையை எதைக் கொண்டு அளப்பது? இக்காலத்தில் விளையாட்டுக் கோஷ்டிகளுக்குச் சம்பளம் பெறும் பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள். வென்றால் அவர்களுக்கு மாலை. நாலு பந்தயங்களில் தோற்றால் வேலை போய்விடுகிறது. இந்த அளவுகோல் போதாதென்பது நம் அபிப்பிராயம். தலைவர் இல்லாத நாளில் அவர் திரட்டிய கோஷ்டி என்ன செய்கிறது என்பதே சரியான பரீட்சை. அந்தப் பரீட்சையில் தேறியவர் ஒருவர் நம் சென்னையிலேயே இருந்தார். மயிலாப்பூர் லஸ் வாசியான புச்சிபாபு நாயுடுவையே குறிப்பிடுகிறோம்.

மோத்தவரப்பு வெங்கட மகிபதி நாயுடு என்பது அவருடைய முழுப்பெயர். 1868-ல் பிறந்தவர். பாரி கம்பெனியின் துபாஷாக இருந்து பெரும் பொருள் ஈட்டிய பாட்டனாரின் ஆதரவில், லஸ் பங்களாவில், வெள்ளைக்காரத் தாதிகளின் பராமரிப்பில் வளர்ந்தார். செல்வமும் சீமைப் பழக்கமும் நிறைந்த வீடு. சர்க்காரின் தயவைத் தேடிச் சுகமாகக் காலங்கழிக்க அவருக்குச் சகல வசதிகளும் இருந்தன. கிரிக்கெட் ஆட்டத்தில் அவர் கொண்ட மோகம் அவரை வேறு வழியில் இழுத்துச் சென்றது.

அந்நாளில் சென்னையில் கிரிக்கெட் என்றால் சென்னை கிரிக்கெட் கிளப்தான். 1846-ல் ஐரோப்பியர் ஸ்தாபித்த அந்தக் கிளப், 1865 முதல் சேப்பாக்கத்தில் இடங்கொண்டிருந்தது. மைதானம் நம் மண். அதில் உரிமை மட்டும் அவர்களுக்கு. எப்போதாவது இந்தியர் எதிர்க் கோஷ்டியாக வந்து ஆடினாலும், பெவிலியனுக்குள் கால் வைக்க இடமில்லை. வெள்ளையர் உள்ளே அமர்ந்து விருந்துண்ண, நம்மவர் வெளியே மரத்தடியில் உணவுண்டார்கள். ஆடுகளத்தில் சமமாக நின்றவர் பந்திக்கு வந்ததும் தீண்டத்தகாதவராயினர்!

புச்சிபாபு இந்த அவமதிப்பைச் சகித்துக்கொண்டிருக்கவில்லை. மனுப்போட்டுக் காத்திருக்கவும் இல்லை. 1888-ல், இளம் வயதிலேயே, சென்னை ஐக்கிய கிளப்பை ஸ்தாபித்தார். எஸ்பிளனேடில் அதற்கு மைதானம் ஏற்பாடாயிற்று. மட்டை, பந்து, உடை முதலியவற்றைத் தம் செலவிலேயே ஆட்டக்காரருக்கு வாங்கிக் கொடுத்தார். தாமே சிறந்த ஆட்டக்காரராயிருந்தும், பிறரைத் தேடிப் பிடித்துப் பயிற்றுவதிலேயே தம் நாட்களைச் செலவிட்டார். தலைவர், ஆசிரியர், பொக்கிஷதாரர் ஆகிய மூன்று வேலைகளையும் ஒருவரே பார்த்தார், ஊதியம் ஒன்றுமில்லை.

பம்பாயில் பார்ஸிகள் 1890-ல் இங்கிலாந்திலிருந்து வந்த வெர்னன் கோஷ்டியை வென்றனர். 1892 முதல் அங்கே பார்ஸிகளுக்கும் ஐரோப்பியருக்கும் ராஜதானிப் பந்தயம் நடந்தது. சென்னையிலும் அத்தகைய பந்தயம் வேண்டுமென்று புச்சிபாபு முயன்றார். 1908 டிசம்பரில் இந்தியருக்கும் ஐரோப்பியருக்கும் சேப்பாக்கத்தில் பந்தயம் நிச்சயமாயிற்று. இருபது வருஷ உழைப்பின் பலன் கைக்கெட்டும் தருணத்தில், பந்தயத்துக்குச் சில நாட்களுக்கு முன் அவர் காலமானார். அவருக்கு வயது நாற்பது.

பந்தயம் நின்றுவிடவில்லை. பி. சுப்பிரமணியம் தலைமையில் அதே கோஷ்டி களமிறங்கியது. ஒரே மனிதரின் பணத்தையும் ஆர்வத்தையும் மாத்திரம் நம்பியிருந்த கூட்டமானால், அவரோடு கலைந்திருக்கும். அது கலையவில்லை. அப்பந்தயம் 1915 முதல் பொங்கலை ஒட்டி நடக்கும் பந்தயமாக நிலைபெற்று, 1952 வரை வாழ்ந்தது. புதல்வர் பாலையா சென்னையின் பிரசித்தி பெற்ற ஆட்டக்காரரானார். மற்றொரு புதல்வர் ராமஸ்வாமி, கோட்டா குடும்பத்துக்கு ஸ்வீகாரம் போனவர், 1922-ல் டேவிஸ் கோப்பை டென்னிஸிலும், 1936-ல் நாற்பதாம் வயதில் இங்கிலாந்துக்கெதிரான டெஸ்ட் பந்தயங்களிலும் இந்தியாவுக்காக ஆடினார். ரஞ்சி கோப்பையின் முதல் பந்தயம் 1934-ல் சேப்பாக்கத்தில் நடந்தது. சென்னை மைசூரை ஒரே நாளில் வென்றது. இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியை இங்கிலாந்திடமிருந்து 1952 பிப்ரவரியில் பெற்றதும் அதே சேப்பாக்கத்தில்தான்.

கிரிக்கெட் அந்நியர் ஆட்டமாயிற்றே, இதில் தேசத்தொண்டு எங்கே என்று சிலர் கேட்கலாம். கப்பலும் அந்நியர் தொழிலாகத்தான் இருந்தது. வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினார். அதன் பின் 1908-ல் சிறை சென்றார். அவர் செய்த தியாகத்தோடு லஸ் பங்களாச் செல்வரின் காரியத்தை ஒப்பிட நாம் துணியோம். புச்சிபாபு அரசியல் போராட்டக்காரரல்லர். ஆயினும், பிறர் கதவடைத்த இடத்தில் நமக்கென ஒரு ஸ்தாபனம் அமைத்து, அவர்களுக்குச் சமமாக நின்று காட்டுவது என்ற மார்க்கம் இருவருக்கும் பொதுவானது.

அவர் ஞாபகார்த்தமான பந்தயத்தை இன்றும் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம் நடத்துகிறது. அது நல்லதே. ஆனால் தியாகராயநகர் சோமசுந்தரம் மைதானத்தில் ஞாயிறு காலையில் போய்ப் பாருங்கள். ஒரே திடலில் பத்து ஆட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நடக்கின்றன. மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் திறந்த வெளிகள் அடுக்குமாடிகளாகிவிட்டன. இன்று ஏழைப் பையனை வெளியே நிறுத்துவது வெள்ளையரின் பெவிலியன் அல்ல. மட்டைக்கும் பயிற்சிக்கும் ஆகும் பணமும், ஆட இடமின்மையும்.

பொருள் படைத்த கனவான்களுக்கும் பொது ஊழியர்களுக்கும் நாம் சொல்வது இதுதான்: பேட்டைக்கு ஒரு மைதானத்தைக் காப்பாற்றுங்கள். பத்துப் பையன்களுக்குச் சாமான் வாங்கிக் கொடுங்கள். நீங்கள் இல்லாத நாளிலும் ஆட்டம் நடக்கும்படி, உங்களுக்கடுத்து ஒருவரைத் தயார் செய்யுங்கள். சங்கம் அமைப்போர், கட்சி நடத்துவோர் யாவருக்கும் இது பொருந்தும்.