தலைகீழாகத் தொங்கிய துளி!

குழந்தைகளே! காலில் முள் குத்தினால் அடுத்த நொடியே மூளைக்குத் தெரிந்துவிடுகிறது அல்லவா? சேதியைக் கொண்டு போவது நரம்பு இழை. அவ்வளவு நீளமான இழை எப்படி உருவாகிறது?

நூறாண்டுகளுக்கு முன் இதற்காக விஞ்ஞானிகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்றார்கள். நரம்பு செல்லிலிருந்து கொடிபோல வளர்ந்து செல்கிறது என்றது ஒரு கட்சி. வழியில் உள்ள செல்கள் கைகோத்துப் பாலம் போடுகின்றன என்றது மற்றொரு கட்சி. இறந்த திசுவைச் சீவி, சாயமேற்றிப் பார்த்தே இரு தரப்பும் வாதாடின. செத்த செல் வளருமா, சொல்லுங்கள்?

உயிரோடு பார்த்தால் என்ன என்று துணிந்தவர்தான் ராஸ் கிரான்வில் ஹாரிசன். 1870 ஜனவரி 13ல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் பிறந்தவர். பால்டிமோரில் உள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்தார்.

அவர் செய்ததைக் கவனியுங்கள். தவளைக் கருவிலிருந்து, பின்னாளில் நரம்பாக வேண்டிய சிறு துணுக்கை வெட்டி எடுத்தார். மெல்லிய கண்ணாடிச் சில்லில் தவளையின் நிணநீர் ஒரு துளி விட்டு, அதில் துணுக்கை வைத்தார். நிணநீர் சீக்கிரமே உறைந்து துணுக்கைப் பிடித்துக்கொண்டது. பிறகு சில்லைத் தலைகீழாகக் கவிழ்த்து, நடுவில் குழிவுள்ள கண்ணாடித் தகட்டின்மேல் பொருத்தினார். துளி காயாமலிருக்க ஓரமெல்லாம் மெழுகு பூசினார். கிருமி நுழைந்தால் எல்லாம் பாழ் என்பதால் கருவிகளின் சுத்தத்தில் வெகு கண்டிப்பு!

நுண்ணோக்கியில் பார்த்தால்... செல்லிலிருந்து இழை வெளியே நீண்டது! அதன் நுனி துழாவித் துழாவி முன்னேறியது. பாலம் போட அங்கே வேறு திசுவே இல்லை. 1907ல் முடிவை வெளியிட்டார். கொடிக் கட்சி வென்றது. உடலுக்கு வெளியே திசுவை வளர்க்கும் கலைக்கும் வழி பிறந்தது.

அதே ஆண்டு யேல் பல்கலைக்கழகத்துக்குப் போனார். 1917ல் நோபல் பரிசுக்கு இவரைத் தேர்வுக்குழு பரிந்துரைத்தது. உலகப்போர் நடந்த அந்த ஆண்டு மருத்துவப் பரிசே வழங்கப்படவில்லை. 1933லும் கை நழுவியது. எனக்கு இதில் வருத்தம்தான்! அவரோ சாலமாண்டரின் கால்கள் வளரும் விதத்தை ஆராய்வதில் மூழ்கியிருந்தார். 1959 செப்டம்பர் 30ல் காலமானார்.

இன்று ஸ்டெம் செல்களைக் கொண்டு 'ஆர்கனாய்டு' எனும் குட்டி உறுப்புகளை வளர்க்கிறார்கள். 2013ல் வியன்னா விஞ்ஞானிகள் பட்டாணி அளவில் மூளைத் திசுவையே வளர்த்தார்கள். ஸ்டெம் செல்களை உருண்டையாகத் திரட்ட, பெட்ரி தட்டின் மூடியில் துளித்துளியாக விட்டுக் கவிழ்த்துவிடும் வழக்கம் இன்றும் உண்டு. ஒட்டிக்கொள்ளக் கண்ணாடி அகப்படாததால், செல்கள் துளியின் அடியில் இறங்கி ஒன்றுகூடி உருண்டையாகிவிடுகின்றன!