இரண்டு குறிப்பேடுகளும் ஒரு கனவும்

விஸ்கியில் ஈடுபாடு கொண்டோர் கூடும் இடங்களில் ஸ்காட்ச் உயர்ந்ததா, அமெரிக்காவின் போர்பன் உயர்ந்ததா என்னும் வழக்கு ஓய்வதே இல்லை. முளைகட்டிய பார்லியும், பீட் என்னும் கரிமண்ணின் புகையும், பழைய பீப்பாயில் நெடுங்காலம் காத்திருக்கும் பொறுமையும் ஸ்காட்லாந்தின் சிறப்பு என்பார்கள் ஒரு சாரார். பாதிக்கு மேல் மக்காச்சோளம், உட்புறம் கரியாகுமாறு சுடப்பட்ட புத்தம்புதிய ஓக் பீப்பாய், அதனால் வரும் இனிமை ஆகியவற்றைச் சொல்லிக் கென்டக்கியின் பக்கம் நிற்பார்கள் மறுசாரார். போர்பன் ஒருமுறை உறங்கிய பீப்பாயைத்தான் ஸ்காட்லாந்துக்காரர் விலைக்கு வாங்கித் தம் சரக்கை அதில் நிரப்புகிறார்கள் என்பதை இரு தரப்பும் சற்று மறந்துவிடுவது வழக்கம்.

2001-ஆம் ஆண்டில் பிரிட்டனிலிருந்து வெளிவரும் விஸ்கி இதழ் ஒன்று, பெயர் மறைத்த கோப்பைகளில் உலகின் சிறந்த விஸ்கிகளை வல்லுநர்களிடம் கொடுத்துச் சுவைத்துப் பார்க்கச் செய்தது. முதலிடம் பெற்றது ஸ்காட்சும் அன்று, போர்பனும் அன்று. ஜப்பானின் வடகோடித் தீவான ஹொக்கைடோவில், யோய்ச்சி என்னும் சிற்றூரில் வடிக்கப்பட்ட 10 ஆண்டு முதிர்ந்த விஸ்கி. அந்த வடிசாலையை நிறுவிய மசடாகா டகேட்சுரு அப்போது இறந்து 22 ஆண்டுகள் ஆகியிருந்தன.

மதுவின் பெருமை பேசுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. பிறர் மண்ணில் பிறந்த தொழில் ஒன்றைக் கற்றுத் தன் மண்ணில் ஊன்ற முயன்ற மனிதர், எங்கே வளைந்து கொடுத்தார், எங்கே மறுத்தார் என்பதே இங்கு நம் அக்கறை.

1894-இல் ஹிரோஷிமா மாகாணத்தின் டகேஹாரா என்னும் ஊரில், தலைமுறை தலைமுறையாக 'சாகே' என்னும் அரிசி மது வடித்துவந்த குடும்பத்தில் பிறந்தவர் டகேட்சுரு. குடும்பத் தொழிலை ஏற்க அண்ணன்மார் முன்வராததால் பொறுப்பு இவர் தலையில் விழும் என்பதே வீட்டாரின் எதிர்பார்ப்பு. ஒசாகாவில் நொதித்தல் தொழில்நுட்பம் பயின்ற அவரை மேல்நாட்டு மதுவின் வேதியியல் ஈர்த்தது. 'செட்சு ஷுசோ' என்னும் ஒசாகா நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அக்காலத்தில் ஜப்பானில் விஸ்கி என்ற பெயரில் விற்கப்பட்டவற்றுள் பெரும்பாலானவை சாராயத்தில் நிறமும் வாசனையும் கலந்த போலிகள். உண்மையான விஸ்கி செய்யக் கற்றுவருமாறு நிறுவனத்தார் அவரை 1918-இல் ஸ்காட்லாந்துக்கு அனுப்பினர். உலகப் போர் இன்னும் முடிந்திருக்கவில்லை.

கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கரிம வேதியியல் வகுப்புகளுக்குச் சென்றார். வகுப்பறையில் விஸ்கி கிடைக்காது என்பது விரைவில் விளங்கிற்று. வடிப்பு முறை பற்றி நூலெழுதிய நெட்டில்டன் என்பவரைத் தேடி எல்ஜின் நகருக்குப் போனார். அவர் கேட்ட கற்பிப்புக் கட்டணம் இளைஞரின் சக்திக்கு மீறியது. 1919 ஏப்ரலில் அருகிலிருந்த லாங்மோர்ன் வடிசாலையின் கதவைத் தட்டினார். ஐந்து நாள்கள் அனுமதி கிடைத்தது. பின்னர் போனஸ் என்னும் ஊரில், தொடர்ந்து ஓடும் காஃபி வடிகலனில் தானிய விஸ்கி வடிக்கும் முறையைக் கண்டார். 1920-இல் கேம்பல்டவுனின் ஹேசல்பர்ன் வடிசாலையில் சில மாதங்கள் தங்கி வேலை பழகினார். பார்த்தவை அனைத்தையும், வடிகலனின் வளைவு முதல் தொழிலாளரின் பணி நேரம் வரை, படங்களுடன் இரண்டு குறிப்பேடுகளில் எழுதினார்.

பல ஆண்டுகளுக்குப்பின் ஜப்பான் வந்த பிரிட்டிஷ் தலைவர் ஒருவர், ஓர் இளைஞன் பேனாவும் குறிப்பேடும் கொண்டு எங்கள் விஸ்கியின் இரகசியத்தைக் கவர்ந்து சென்றுவிட்டான் என்று வேடிக்கையாகப் பேசியதாகச் சொல்வர். கேட்பதற்குச் சுவையான பேச்சுதான். ஆனால், கேட்டவனுக்குக் கதவைத் திறந்து காட்டியவர்கள் ஸ்காட்லாந்துக்காரர்களே. அன்றைய கேம்பல்டவுன் வீழ்ச்சியின் விளிம்பில் இருந்தது. அடுத்த சில ஆண்டுகளில் அங்கிருந்த வடிசாலைகளில் பெரும்பாலானவை, ஹேசல்பர்ன் உள்பட, மூடப்பட்டன. அங்கே கண்ட வேலைமுறை டகேட்சுருவின் குறிப்பேடுகளில் எஞ்சியது.

கிளாஸ்கோ அருகே கர்க்கின்டில்லக் என்னும் ஊரில் ஒரு மருத்துவரின் மகள் ஜெஸ்ஸி ராபர்ட்டா கோவன்; ரீட்டா என்பார்கள். அவள் தம்பிக்கு ஜூடோ கற்பிக்க வீட்டுக்கு வந்தவர் டகேட்சுரு. 1920 ஜனவரியில் இருவரும் பதிவுத் திருமணம் செய்துகொண்டனர். இரு குடும்பங்களும் எதிர்த்தன. ஸ்காட்லாந்திலேயே தங்கிவிடலாமா என்று கணவர் தயங்கியபோது, ஜப்பானுக்குப் போகலாம் என்று முடிவு சொன்னவர் ரீட்டாதான் என்பது அக்குடும்பத்தார் போற்றிவரும் நினைவு.

1920 இறுதியில் திரும்பினார். போருக்குப் பிந்தைய பொருளாதார மந்தத்தில் செட்சு ஷுசோ சிக்கியிருந்தது. பல ஆண்டுகள் பீப்பாயில் உறங்க வேண்டிய பொருளுக்குப் பணம் போட பங்குதாரர்கள் மறுத்தனர். குறிப்பேடுகள் அலுவலகத்தில் தங்கின. எழுதியவர் 1922-இல் வேலையை விட்டுப் பள்ளி ஒன்றில் வேதியியல் கற்பிக்கப் போனார். ரீட்டா ஆங்கிலமும் பியானோவும் கற்பித்துக் குடும்பத்தைத் தாங்கினார்.

இனிப்பு திராட்சை மது விற்றுச் செல்வம் சேர்த்த ஒசாகா வணிகர் ஷின்ஜிரோ டோரி, விஸ்கி வடிசாலை தொடங்க ஸ்காட்லாந்திலிருந்து நிபுணரை வரவழைக்க எண்ணியிருந்தார். டகேட்சுருவைப் பற்றிக் கேள்விப்பட்டதும், வெள்ளைக்கார நிபுணருக்கென ஒதுக்கிய ஆண்டுக்கு 4,000 யென் சம்பளத்தை அப்படியே இவருக்கு அளித்துப் பத்தாண்டு ஒப்பந்தத்தில் சேர்த்துக்கொண்டார். நம்மூர் முதலாளிகளிடம் இன்றும் அரிதான செயல் இது.

கியோட்டோவுக்கும் ஒசாகாவுக்கும் இடையே யமசாகியில் வடிசாலை எழுந்து, 1924-இல் வடிப்பு தொடங்கிற்று. மூட்டை மூட்டையாகப் பார்லி உள்ளே போகிறது, வெளியே எதுவும் வருவதில்லை. உள்ளே பார்லி தின்னும் பூதம் இருக்கிறது என்று ஊரார் பேசிக்கொண்டார்களாம். பூதத்தைவிடப் பெரும்பசி முதலாளியின் கணக்குப் புத்தகத்துக்கு. 1929-இல் 'ஷிரோஃபூடா' என்னும் முதல் விஸ்கி வெளிவந்தது. புகை வாசம் ஜப்பானியருக்கு ஒவ்வவில்லை. கருகிய வாடை அடிக்கிறது என்று ஒதுக்கினார்கள்.

இங்கேதான் இருவரின் வழியும் பிரியத் தொடங்கியது. குடிப்பவரின் நாவுக்கேற்ப விஸ்கி மாற வேண்டும் என்றார் டோரி. ஸ்காட்லாந்தில் கண்டதற்கு உண்மையாக இருந்தால் நாக்கு காலப்போக்கில் பழகும் என்பது டகேட்சுருவின் நம்பிக்கை. இக்கதையைச் சொல்வோர் பெரும்பாலும் டகேட்சுருவைத் தவசியாகவும் டோரியை வணிகராகவும் மட்டும் காட்டுகின்றனர். அது நேர்மையன்று. மென்மையாக்கிய விஸ்கியை 1937-இல் வெளியிட்டு, நாட்டையே விஸ்கி பக்கம் திருப்பியவர் டோரி. அவர் திறந்த சந்தை இல்லாவிடில் டகேட்சுருவின் பீப்பாய்களை வாங்க ஆள் ஏது? அதே சமயம், புகையை விட மறுத்த பிடிவாதம் இல்லாவிடில் ஜப்பானிய விஸ்கிக்கு ஒரே முகம்தான் இருந்திருக்கும்.

ஒப்பந்தம் முடிந்து 1934-இல் விலகிய டகேட்சுரு, தொடக்கத்திலிருந்தே விரும்பிய ஹொக்கைடோவுக்குச் சென்றார். குளிர், கடற்காற்று, பீட் மண், அருகிலேயே நிலக்கரி. யோய்ச்சியில் ஸ்காட்லாந்தின் சாயலைக் கண்டார். முதலீடு தந்தோருள் ஒருவரான ஷோடாரோ காகாவின் மனைவி, ரீட்டாவிடம் ஆங்கிலம் கற்றவர். ரீட்டாவை வெறும் காதல் கதையின் நாயகியாக்கி நிறுத்திவிடுவோர் இதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

விஸ்கி முதிரும்வரை வயிறு காய முடியாது. யோய்ச்சி ஆப்பிள் விளையும் ஊர் என்பதால் முதலில் பழச்சாறு விற்றார்கள். நிறுவனத்தின் பெயரே 'டாய் நிப்பான் காஜு', அதாவது மகா ஜப்பான் பழச்சாறு. கலப்படம் செய்யாத சாறு, விலையும் அதிகம். கலங்கலாக இருக்கிறது, கெட்டுவிட்டது என்று கடைக்காரர்கள் திருப்பி அனுப்பினார்கள். 1936-இல் வடிகலன் சூடேறிற்று. 1940-இல் முதல் விஸ்கி வந்தது. நிறுவனப் பெயரைச் சுருக்கி அதற்கு 'நிக்கா' என்று பெயரிட்டனர்.

போர்க்காலம் டகேட்சுருவுக்கு ஒருவகையில் கைகொடுத்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. கடற்படைக்கு விஸ்கி தேவைப்பட்டதால் அவரது ஆலைக்குப் பார்லி தடையின்றிக் கிடைத்தது. அதே ஆண்டுகளில், அதே ஊரில் அவர் மனைவி பகை நாட்டுப் பெண்ணாகச் சந்தேகிக்கப்பட்டார். ஜப்பானியக் குடியுரிமை பெற்றிருந்தும் ரீட்டாவைக் காவலர்கள் பின்தொடர்ந்தனர், வீட்டைச் சோதனையிட்டனர். ஆலை அரசுக்கு வேண்டியது. ஆலையைச் சாத்தியமாக்கியவள் வேண்டாதவள்.

போருக்குப்பின் வந்த சோதனை வேறுவகை. வறுமைப்பட்ட நாட்டில் மூன்றாந்தர விஸ்கி பெருகிற்று. அதில் உண்மையான விஸ்கியின் பங்கு 5 விழுக்காட்டுக்குமேல் இருக்கலாகாது என்றது வரிச் சட்டம். அறவே இல்லாவிட்டாலும் தவறில்லை. டகேட்சுரு அதைச் செய்ய மறுத்து நின்றார். நிறுவனம் தள்ளாடியது, ஊழியர்களுக்கு ஊதியம் தர வேண்டும். 1950-இல் அவரும் மூன்றாந்தர விஸ்கி விற்றார். சட்டம் அனுமதித்த உச்ச அளவுக்கு உண்மை விஸ்கி சேர்த்து, செயற்கை நிறமும் வாசனையும் தவிர்த்தார். அவர் வாழ்வில் மிகவும் கசந்த முடிவு இதுவாகத்தான் இருந்திருக்கும். அவரது பெருமைகளுள் ஒன்றாகவே இதையும் சேர்க்கத் தோன்றுகிறது. எதையும் விட்டுக்கொடுக்காதவர் என்ற புகழைவிட, நூறு குடும்பங்களின் அடுப்பு எரிவது பெரிது.

1961 ஜனவரியில் ரீட்டா தமது 64-ஆவது வயதில் மறைந்தார். மறு ஆண்டு வெளிவந்த 'சூப்பர் நிக்கா', மனைவியின் நினைவாக, வளர்ப்பு மகன் டகேஷியுடன் சேர்ந்து அவர் உருவாக்கியது. பின்னர் ஸ்காட்லாந்திலிருந்து காஃபி வடிகலன் தருவித்தார். போனஸில் கண்டதைச் சொந்த ஆலையில் நிறுவ நாற்பதாண்டுகளுக்குமேல் ஆயிற்று. 1969-இல் செண்டாய் அருகே மியாகிக்கியோவில் இரண்டாவது வடிசாலை அமைத்தார். யோய்ச்சியின் முரட்டுத்தனத்துக்கு மாற்றாக மென்மையான விஸ்கி அங்கே பிறந்தது. டோரியின் வாதத்தில் நியாயம் உண்டு என்பதை அவர் வாயால் ஒப்புக்கொண்டாரோ இல்லையோ, வடிகலனால் ஒப்புக்கொண்டார் எனலாம்.

1979 ஆகஸ்ட் 29-இல் காலமானார். பத்தாண்டுகள் கழித்து, 1989-இல், நிக்கா நிறுவனம் ஸ்காட்லாந்தின் பென் நெவிஸ் வடிசாலையை விலைக்கு வாங்கிற்று. ஐந்து நாள் பார்வையிட அனுமதி கேட்டு நின்றவரின் நிறுவனம் அது. வெளிநாட்டுச் சரக்கைக் கலந்து ஜப்பானிய விஸ்கி என்று விற்கும் வழக்கத்துக்கு எதிராக ஜப்பானிய உற்பத்தியாளர் சங்கம் 2021-இல் விதிமுறை வகுத்தபோது, நிக்காவின் புகழ்பெற்ற புட்டிகள் சிலவே அந்த வரையறைக்குள் வரவில்லை. நிறுவனம் அதை வெளிப்படையாக அறிவித்தது.

யோய்ச்சியில் இன்றும் வடிகலன்களின் அடியில் தொழிலாளர்கள் மண்வெட்டியால் நிலக்கரி அள்ளிப் போடுகிறார்கள். ஸ்காட்லாந்தின் வடிசாலைகள் பலவும் நீராவிக்கு மாறிவிட்டபின்னும் இங்கே பழைய முறையே தொடர்கிறது. செம்பு வடிகலன்களின் கழுத்தில், சாகே வடிக்கும் குடும்பங்களின் வழக்கப்படி, புனித வைக்கோல் கயிறு கட்டப்பட்டிருக்கிறது. ரயில் நிலையத்திலிருந்து செல்லும் ஊரின் முதன்மைச் சாலைக்கு ரீட்டாவின் பெயர். ஊருக்கு மேலே குன்றின்மீது, கணவனும் மனைவியும் ஒரே கல்லறையில் துயில்கிறார்கள்.